ஸவாஹிரின் பின்சீட்

தன் குறையை எடுத்துச் சொல்லுங்கள் என்று ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு திரிந்த மனிதரை நான் ஒருவரைத்தான் அறிவேன். அவர் ஸவாஹிர். நமக்கெல்லாம் யாராவது குறை சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். அவருக்கோ குறை சொல்லாவிட்டால்தான் மனம் ஆறாது. இத்தனைக்கும் அவர் கேட்டது தன் குணத்தைப் பற்றி அல்ல. மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றி.

கொட்டாஞ்சேனையில் இப்றாஹிம் ஹாஜியாரின் புடவை மொத்தக் கடையில் நான் கணக்குப்பிள்ளை. ஸவாஹிர், ஹாஜியாரின் ஒரே மகள் றலியாவைக் கட்டியவர். வெள்ளவத்தையில் மாமனாரின் வீட்டிலேயே குடியிருந்தார். அவிசாவளை, ருவன்வெல்லை, யட்டியாந்தோட்டை என்று போய் அங்குள்ள முஸ்லிம் கடைகளில் துணி மாதிரிகளைக் காட்டி ஓடர் எடுத்து வருவது அவர் வேலை. அதற்காக முப்பத்தேழாம் வருடம், சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு தோட்டத்துத் துரையிடமிருந்து ஹாஜியார் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிக் கொடுத்தார். துரை தன் மனைவிக்காகப் பின்னால் சுருள் வில் வைத்த ஒரு சீட்டும் பூட்டியிருந்தார். ஸவாஹிர் மாதிரிப் பெட்டியை அந்தச் சீட்டில் கட்டமாட்டார். பக்கத்தில் ஓர் இரும்புச் சட்டம் அடித்து, அதில்தான் கட்டுவார். பின்சீட் றலியாவுக்கு.

றலியாவுக்கும் கொள்ளை ஆசை. ஆனால் ஹாஜியார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். தன் மகள் பசார் பார்க்க மோட்டார் சைக்கிளில் குந்திப் போவதைக் காண்பதற்குத் தான் மக்காவுக்குப் போய் வரவில்லை என்றார். அந்த வீட்டில் திரையிட்ட காரில்தான் பெண்கள் போவார்கள். அவர்கள் கூடத்தைக் கடக்கும்போது நாங்கள், வேலைக்காரர்கள், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வோம். எவரும் சொல்லித் தந்ததில்லை, உடம்பே பழகிவிட்டது. அந்த வருட மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு றலியா போய்ச் சேர்ந்தாள். அந்தச் சீட்டில் ஒரு நாள்கூட அவள் ஏறவில்லை.

அதன் பிறகுதான் ஸவாஹிர் விழத் தொடங்கினார்.

பட்டணத் தெருக்களில் அவரைப்போல் ஓட்ட ஆளில்லை. டிராமுக்கும் மாட்டு வண்டிக்கும் நடுவில் நூல் கோர்ப்பதுபோல் புகுந்து போவார். அவிசாவளையைத் தாண்டி வளைவுகள் வந்தால் மட்டும் வண்டி சொல் கேட்காது. உள்பக்கம் சாய்த்தால் பின்பாரம் வெளிப்பக்கம் இழுக்கிறது என்பார். இரண்டு முறை விழுந்தார். இரண்டாவது முறை தோள் எலும்பு முறிந்தது. ஹாஜியார் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று, மகளை மண்ணுக்குக் கொடுத்துவிட்டேன், மருமகனையும் கொடுக்க மாட்டேன், இனி ஒரு தடவை விழுந்தால் சைக்கிளை விற்றுவிடுவேன் என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

ஸவாஹிர் என்னிடம் அழாக்குறையாகச் சொன்னார். கடையில் உட்கார்ந்தால் றலியாவின் நினைவு நெஞ்சை அடைக்கிறதாம். ரோட்டில்தான் மூச்சு வருகிறதாம். சைக்கிள் போனால் தான் போனது போலத்தானாம். வேறு வழியில்லாமல்தான் ஊரெல்லாம் குறை கேட்கப் புறப்பட்டார்.

ருவன்வெல்லையில் ஹாஷிம் நானாவின் கடை ஒரு பெரிய வளைவின் முகப்பில் இருந்தது. ஸவாஹிர் அவரை வளைவில் நிற்க வைத்துவிட்டு, மேலே போய்த் திரும்பி ஓட்டி வருவார். இறங்கி வந்து, என்ன பிழை, ஒளிக்காமல் சொல்லுங்கள் என்பார். ஹாஷிம் நானா பேரம் என்று வந்தால் யாருக்கும் முகம் பார்க்காத மனிதர். அவரே ஸவாஹிரின் செருப்பைப் பார்த்துக்கொண்டு, குறையொன்றும் இல்லை என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விடுவாராம். பிறகு கடையின் மேசைக்கு ஒரு கோப்பை தேத்தண்ணீர் வரும். இன்னொரு கோப்பையைப் பக்கத்துக் கதவால் யாரோ நீட்டி, சைக்கிளுக்கு அருகிலிருந்த வாங்குப் பலகையில் வைத்துவிட்டுப் போவார்கள். இரண்டையும் ஸவாஹிரே குடித்துவிட்டு வருவார். ருவன்வெல்லை ஆட்களுக்கு விருந்தோம்பல் அதிகம் என்று என்னிடம் மெச்சிக்கொண்டார். நானும் தலையாட்டினேன். மற்ற கடைகளிலும் இதே கதைதான். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

ஒரு நாள் பகலில், யட்டியாந்தோட்டைக்குக் கீழே மழைக்கு ஒதுங்க ஒரு தோட்டத்து டிஸ்பென்சரி விறாந்தையில் ஏறினார். அங்கே டோரின் என்று ஒரு பறங்கி மருத்துவிச்சி. தோட்டத்துச் சனங்களோடு பழகிப் பழகி அவர்களுடைய தமிழே அவளுக்கு வாய்த்துவிட்டது. அவர் வளைவில் தடுமாறி வந்ததை அவள் வாசலில் நின்று பார்த்திருந்தாள். அவர் வழக்கம்போல் தன் கேள்வியைக் கேட்டார்.

"ஒங்க மேல குத்தமில்ல மாஸ்டர்," என்றாள் டோரின். "ஒங்க லேடிதான் சாய மாட்டேங்கிறாங்க. நீங்க இந்தப் பக்கம் சாய்ஞ்சா அவங்க கட்டையாட்டம் நேரா ஒக்காந்திருக்காங்க. வெள்ளைத் துப்பட்டிய மூஞ்சி வரைக்கும் இழுத்துக்கிட்டு, பாவம், ரொம்பப் பயப்படுறாங்க. மொதல்ல அவங்களுக்குச் சொல்லிக் குடுங்க."

பிறகு அவள் அவருடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, நனைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே, உள்ளே கூப்பிடுங்கள் என்றாளாம். ஸவாஹிர் திரும்பிப் பார்த்தார். முற்றத்தில் சைக்கிள் மட்டும் நின்றது. பின்சீட்டின் தோல் உறையில் மட்டும் ஒரு சொட்டு மழைத்தண்ணீர் இல்லை.

இதை அவர் என்னிடம் சொன்னது கடையின் பொதி கட்டும் அறையில், நல்ல வெளிச்சத்தில். ஹாஷிம் நானா ஏன் செருப்பைப் பார்த்தார் என்பது அப்போதுதான் எங்கள் இருவருக்கும் விளங்கிற்று. இன்னொருவர் வீட்டுப் பெண்ணைப் பார்ப்பதும் பிழை, அவளைப் பற்றிப் பேசுவதும் பிழை. ஊரெல்லாம் மரியாதை காத்திருக்கிறது. டோரினுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அவள் ஒரு பெண்.

பள்ளிவாசல் லெப்பையிடம் போய் ஓதி நூல் கட்டிக்கொள்ளச் சொன்னேன். ஸவாஹிர் என்னை விசரனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஓதினால் அவள் இறங்கிப் போய்விடுவாளே என்றார்.

அதற்கடுத்த பயணத்தில் அவர் வளைவில் சறுக்கினார். காயம் பெரிதில்லை. ஆனால் கைப்பிடி வளைந்திருந்தது, அதை மறைக்க முடியவில்லை. ஹாஜியார் கத்தவில்லை. சைக்கிளை வாங்க நுகேகொடையில் ஓர் ஆள் இருப்பதாக மட்டும் சொன்னார். ஸவாஹிர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு மன்றாடினார். ஒரே ஒரு தடவை நீங்களே வந்து பாருங்கள் மாமா, பார்த்துவிட்டு உங்கள் விருப்பப்படி செய்யுங்கள் என்றார். பின்சீட்டைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை.

காரில் ஹாஜியாருக்குத் துணையாக நான் போனேன். ருவன்வெல்லை வளைவில் இறங்கினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. ஹாஜியார் குடையோடு ரோட்டோரத்தில் நின்றார். பக்கத்தில் நான். மேலே, கண்ணுக்குத் தெரியாத தூரத்தில், இயந்திரம் உறுமுவது கேட்டது. சற்று நேரம் அது நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. அப்போது என்ன செய்தார் என்பதை ஸவாஹிர் பின்னர் என்னிடம் சொன்னார். பின்னால் திரும்பாமலே பேசினாராம்: "றலியா, பயப்பட வாணாம். நான் சாயக்குள்ள நீங்களும் என்னோட சாய்ஞ்சு கொள்ளுங்க. இல்லாட்டி நம்மளப் பிரிச்சுப் போடுவாங்க."

சத்தம் நெருங்கியது. வளைவின் மேல் முனையில் சைக்கிள் தெரிந்த அந்தக் கணத்தில் நான் ரப்பர் மரங்களைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தேன். என்னைத் திரும்பச் சொன்னவர் யாருமில்லை. அதனால் அந்தச் சீட்டில் யார் இருந்தார், யார் இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. காதால் கேட்டதைச் சொல்கிறேன். சக்கரம் ஒரு முறையும் கிறீச்சிடவில்லை. ஒரே இழையாக வளைவைக் கடந்து போயிற்று.

நான் திரும்பியபோது ஹாஜியார் நடுரோட்டில் நின்றார். குடை கையிலிருந்து விழுந்து கிடந்தது. தொப்பி நனைந்து, தாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சைக்கிள் போன திசையை விட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை. அந்த ரோட்டில் நின்ற ஆண்களில் கண்ணைத் தாழ்த்த வேண்டிய கடமை இல்லாதவர் அவர் ஒருவர்தான்.

ஸவாஹிர் சைக்கிளை வளைவுக்கு அப்பால் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. எப்படி மாமா என்று கேட்டார். ஹாஜியார் குனிந்து குடையை எடுத்து மடக்கினார். விற்கத்தான் போகிறார் என்று நான் நினைத்தேன்.

"சைக்கிள் உங்களுட்டயே இருக்கட்டும், மருமகன்," என்றார் கடைசியில். "ஆனா வளைவுல இன்னும் கொஞ்சம் மெல்லப் போங்க. என்ட மகள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தா."