கையில் கொடுத்த பழைய குழாய்

காலை ஏழு பத்து. திண்டிவனத்துக்குச் சற்று முன்னால் காரை ஓரம் கட்டியபோது முதலில் கண்ணில் பட்டவை அம்மாவின் உதடுகள். நீலம் பாரித்திருந்தன.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கம் அது. அம்மாவுக்கு இழுப்பு நோய். விழுப்புரத்திலிருந்து மெட்ராஸுக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தேன். மார்பு நோய் டாக்டர் அன்று முற்பகல் வரைதான் பார்ப்பார். மறுநாள் வெளிநாடு போகிறார்.

காருக்குள் எஞ்சின் புகை. வெளிக்காற்றைக் கொண்டுவரும் ரப்பர் குழாய் எஞ்சினை ஒட்டி வந்து டாஷ்போர்டுக்குப் பின்னால் சேர்கிறது. கிழிந்தால் காற்றோடு புகையும் வரும். சில வாரங்களுக்கு முன்பே அது கிழிந்திருந்தது. புதுக் குழாயை மெட்ராஸில் தேடிப்பிடித்து வாங்கி, திண்டிவனத்தில் கார் ரிப்பேர் ஷெட் வைத்திருந்த என் பள்ளித் தோழனிடம் கொடுத்தேன். முந்தின வாரம் மாட்டிவிட்டதாகச் சொன்னான். மாற்றிய சாமானின் பழசை வண்டிக்காரர் கையில் கொடுப்பது ஷெட் வழக்கம். மாற்றியதற்கு அதுதான் சாட்சி. அவனும் கிழிந்த குழாய் ஒன்றைக் கொடுத்தான்.

அம்மாவைப் புளியமரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கையை விட்டேன். ஒயர்களுக்கு மேலே, முழங்கை தகரத்தில் உரசும் ஆழத்தில், விரலில் சைக்கிள் டியூப் தட்டுப்பட்டது. பழைய குழாயின் கிழிசல்மேல் அதைச் சுற்றிச் சணலால் கட்டியிருந்தது.

அம்மாவை மறுபடி ஏற்றி, கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஷெட்டுக்கு மெதுவாக ஓட்டிப்போனேன். வாசலில் தோழன் பல் துலக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னா மச்சான், காலங்காத்தால?"

"புதுக் குழாய் எங்கடா?"

"போட்டேனே. பழச உன் கையிலயே குடுத்தேனே."

"என் வண்டியோட பழசு உள்ளயே இருக்கு. நீ குடுத்தது யாரோடது?"

வாயைக் கொப்பளித்துத் துப்பினான்.

"மில் முதலாளி வண்டிடா. ஜல்தி, ஜல்தின்னு நின்னுக்கினு ஒரே பேஜாரு. வேற எவனா இருந்தாலும் சண்டைக்கு வருவான். நீ நம்ம ஆளு, ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு உன் புதுச எடுத்து அதுல போட்டுட்டேன்."

"இன்னிக்கு அம்மாவக் கூட்டிக்கினு போறேன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். கண்ணாடிய இறக்கிவுட்டுக்கினு போனா ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்."

பிறகுதான் காருக்குள் பார்த்தான். பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "வாங்கம்மா, காபி சாப்புடறீங்களா?" என்றான். அம்மா சீட்டில் சாய்ந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்.

மேற்கொண்டு அந்த வண்டியில் அவரை ஏற்ற முடியவில்லை. ரயிலுக்குக் காத்திருந்து மெட்ராஸ் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டியிருந்தது. டாக்டரின் அறை பூட்டியிருந்தது.