லீலா அழித்த நாலு நிலா

ஜம்புவைத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் அந்தக் கதையும் தெரியும். முன்பு வேலை பார்த்த கட்கியில் தெரியும், இப்போது குடியிருக்கும் சிஞ்ச்வட் அடுக்குமாடி சொசைட்டியில் தெரியும், மகள் சோனியாவின் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்த சம்பந்தி வீட்டாருக்குக்கூடத் தெரியும். "நான் உயிரக் குடுத்து சனி கிரகத்தோட நாலு நிலாவப் போட்டோவுல புடிச்சேன். என் பொண்டாட்டி நாலையும் தூசின்னு நெனச்சி அழிச்சிட்டா!" சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். கேட்டவர்களும் சிரிப்பார்கள். லீலாவும் சிரித்துவிட்டு டீ போட உள்ளே போய்விடுவாள்.

கதை பொய்யில்லை. அதுதான் வம்பே. முக்கால்வாசி உண்மை.

1995இல் ஜம்புவுக்கு நாற்பத்தொரு வயது. கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் வேலை. பகல் முழுக்கப் பித்தளைத் தோட்டாக் குப்பிகளை விரலால் உருட்டிப் பார்த்து, மயிரிழைக் கீறல் இருந்தாலும் சிவப்பு மையால் வட்டம் போட்டு ஒதுக்குவார். சாயங்காலமானால் குவார்ட்டர்ஸ் மொட்டை மாடி, தொலைநோக்கி. அதன் ஆறு அங்குலக் கண்ணாடியை அவரே ஏழு மாதம் தேய்த்துச் செய்திருந்தார். அந்தக் கரகர சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கோயில் கட்டலாம்.

லீலா கட்கி பஜாரில் ஒரு ஸ்டூடியோவில் டச்சப் வேலை பார்த்தாள். மெல்லிய தூரிகையை மையில் தொட்டு, பிரிண்டில் தூசியால் விழுந்த வெள்ளைப் புள்ளிகளை இருந்த இடம் தெரியாமல் செய்வாள். பரு, அம்மைத் தழும்பு எதுவும் அவள் கைக்குத் தப்பாது. அடேயப்பா, அந்தக் காலத்துக் கட்கிக் கல்யாண ஆல்பங்களில் ஒரு மணப்பெண்ணுக்காவது முகத்தில் பரு இருந்ததா?

அவள் மாடிக்கும் வருவாள். சிவப்புக் காத்தாடித் தாள் சுற்றிய டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, கேமரா திறந்திருக்கும் நேரத்தை வாய்விட்டு எண்ணுவாள். "ஒண்ணு… ரெண்டு… மூணு…" இருபது எண்ணும்வரை ஜம்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு, கிரகம் நகர நகரக் குழாயைக் கையாலேயே நகர்த்துவார். அந்தக் குரலில் ஒரு நிதானம் இருந்தது. கல்யாணமான புதிதில் மற்றவர்கள் பண்ட் கார்டன் பூங்காவுக்குப் போனார்கள். இவர்கள் இருட்டில் நின்று இருபது எண்ணினார்கள். அந்த நாட்களை நினைத்தால் ஜம்புவுக்கு இப்போதும் நெஞ்சு நிறையும்.

சனியின் வளையம் ஏறக்குறையப் பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை நமக்குத் தன் விளிம்பை மட்டும் காட்டும். வளையம் ஒரு கோடாக மெலிந்துவிடும். அதன் வெளிச்சத்தில் ஒளிந்திருக்கும் நிலாக்கள் அப்போதுதான் தலைகாட்டும். அந்த நவம்பரில் ஜம்புவின் பிலிமில் கோடும் கிரகமும் விழுந்தன. கோட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று நாலு புள்ளிகளும் விழுந்தன.

தொழிற்சாலைக் கலைவிழாக் கண்காட்சிக்கு அதை வைக்க வேண்டும். அவருக்குத் தெரியாமல் லீலாவே ஸ்டூடியோவில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சுத்தம் செய்து, சட்டமும் போட்டு அரங்கில் மாட்டிவிட்டாள். ஆசையாகத்தான் செய்தாள். ஜம்பு போய்ப் பார்த்தால் கன்னங்கரேலென்ற வானத்தில் சனி மட்டும் தனியாக நிற்கிறது. ஒரு புள்ளிகூட இல்லை.

"உனக்குக் கீறது கண்ணா, பொத்தலா?" என்று இருநூறு பேர் நடுவில் கத்தினார்.

வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. அந்த நெகட்டிவை எடுத்தார். கத்திரிக்கோலை எடுத்தார். துண்டு துண்டாக வெட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டார். மறுநாள் பட்டறையில் நிற்கும்போதுதான் உறைத்தது. லீலா அழித்தது காகிதத்தில் இருந்த புள்ளிகளைத்தான். நெகட்டிவ் இருந்திருந்தால் இன்னொரு பிரிண்ட் போட்டிருக்கலாம். ஓடி வந்து பார்த்தார். தொட்டி காலி. அட முட்டாளே என்று தன்னையே திட்டிக்கொண்டார். "நெகட்டிவ் எங்கியோ தொலைஞ்சிபோச்சி" என்று வெளியே சொன்னார். லீலா அதன் பிறகு மாடிப்படி ஏறவில்லை. கேட்டால் முட்டி வலி என்பாள். முப்பத்திரண்டு வயதில் என்ன முட்டி வலி?

அடுத்த முறை 2009இல் சனி சூரியனுக்குப் பக்கத்தில் போய் ஒளிந்துகொண்டது. இப்போது 2025 நவம்பர். முப்பது வருஷம் சுற்றிவிட்டு, வானத்தில் கிட்டத்தட்ட அதே இடத்துக்கு வந்து நிற்கிறது. இதை விட்டால் இன்னும் பதின்மூன்று வருஷம். ஜம்புவுக்கு வயது எழுபத்தொன்று. நாலு நிலாவையும் மறுபடி எடுத்து லீலாவின் கையில் கொடுத்து, கத்திரிக்கோல் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். வெறுங்கையோடு போய்ச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஆனால் சிஞ்ச்வட் வானம் வானமா அது? தீபாவளிப் புகை போனால் பனிமூட்டம். எதிரே கட்டுகிற இருபது மாடியின் சிமெண்டுத் தூசி. கல்யாண சீசன் வேறு தொடங்கிவிட்டது. பக்கத்து மண்டபத்து ராட்சத விளக்கு ஆகாயத்தைத் துழாவிக்கொண்டே இருந்தது. கீழ் வீட்டு ஏசி ஊதும் சூட்டில் சனி, கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் கிடக்கும் காசு போல நெளிந்தது. பதினோரு நாள் ஏறினார். பதினோரு நாளும் வெறுங்கையோடு இறங்கினார்.

பன்னிரண்டாம் நாள் பிற்பகலில் தூறல் போட்டுத் தூசியை அமுக்கியது. மண்டபத்தில் கல்யாணம் இல்லை. சொசைட்டி செயலாளர் குல்கர்ணி, பெரியவர் 'காகா' கேட்கிறாரே என்று மாடி விளக்குகளை அரை மணி நேரம் அணைத்துக் கொடுத்தார். சோனியா வாங்கித் தந்த சின்ன கேமராவை அதே பழைய குழாயில் மாட்டி, ஏழரை மணிக்குள் முந்நூறு படம் எடுத்தார். கீழே வந்து சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்தார். ஒரு படத்தைத் திறந்தார். கோடு, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. சப்பாத்தி போட வந்த லீலா ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

காலையில் முந்நூறு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கினார். வானம் முழுக்கப் பொடிப் பொடியாகக் கேமராவின் அழுக்குப் புள்ளிகள். பரிசோதகர் அல்லவா, கை சும்மா இருக்குமா? புள்ளி நீக்கும் பொத்தானை அழுத்தினார். வானம் துடைத்துவிட்டாற்போல் ஆனது. பூரித்துப்போய் லீலாவைக் கூப்பிட்டார். இன்று சொல்லிவிடுவது என்று அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

லீலா கண்ணாடியை மூக்கில் சரிசெய்துகொண்டு குனிந்தாள்.

"நேத்து நாலு இருந்திச்சே?"

"நாலுதான்."

"மூணுதாங்க கீது. இந்தக் கோட்டு முனைக்கு வெளிய மங்கலா ஒண்ணு இருந்திச்சி. நீங்க அழிச்சிட்டீங்க."

ஜம்பு எண்ணினார். மறுபடி எண்ணினார். மூன்றுதான்.

"இன்னாத்துக்கு இப்பிடி முழிக்கிறீங்க? எடுத்த படம் அப்பிடியே இருக்கில்ல?"

"இருக்கு. மறுபடி செஞ்சிடலாம்."

"நல்லதாப் போச்சி" என்றாள் லீலா. "இத கத்திரிக்கோலால வெட்ட முடியாதுல்ல."

சமையலறையில் குக்கர் விசில் அடித்தது.

"உனக்கு… தெரியுமா?"

"நம்ம வூட்ல குப்ப கொட்டினது யாரு, நீங்களா?"

"அப்ப ஏன் ஒண்ணுமே கேக்கல? ஊரெல்லாம் உன்னச் சொல்லிச் சிரிச்சேனே லீலா."

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்." அவள் குரல் உயரவில்லை. "ஒவ்வொரு தபாவும் அந்தக் கதைய ஆரம்பிப்பீங்க. இன்னிக்குச் சொல்லிடுவாருன்னு நிப்பேன். அப்புறம் டீ போடப் போயிடுவேன்."

ஜம்பு அழுதார். எழுபத்தொரு வயது மனிதர், பல் தேய்க்காத வாயோடு, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதார். "தப்பு என்னுதுதான்" என்றார். லீலா அவரை ஆற்றவும் இல்லை, அதட்டவும் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் அவர் கிளம்பும்போது அவளும் சால்வையைப் போர்த்திக்கொண்டு லிஃப்டுக்கு வந்தாள். முட்டி வலியைப் பற்றி இருவருமே பேசவில்லை. மாடியில் குல்கர்ணி தன் மைத்துனரைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றிருந்தார். "அரே, காகி மேலே வந்துட்டாங்களா! காகா, ஜாக்கிரதை, இருக்கிற நிலாவையும் துடைச்சிடப் போறாங்க" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். அந்தக் கதையை மைத்துனருக்குச் சொல்லச் சொன்னார்.

ஜம்பு சொன்னார். பிரிண்ட், தூரிகை, கலைவிழா எல்லாம் எப்போதும் போல வந்தன. வழக்கமாகச் சிரிக்கிற இடம் வந்தது. அவர் நிற்கவில்லை. நெகட்டிவையும் கத்திரிக்கோலையும் குப்பைத் தொட்டியையும் சொன்னார். "நிலாவை அழிச்சது நான். முப்பது வருஷமாப் பழிய இவ மேல போட்டுக்கினு திரிஞ்சதும் நான்" என்று முடித்தார். யாரும் சிரிக்கவில்லை. குல்கர்ணி தொண்டையைச் செருமிவிட்டு விளக்குகளை அணைக்கப் போனார்.

இருட்டில் லீலா குழாயில் கண்ணை வைத்தாள்.

"எத்தினி தெரியுது?"

"ஒண்ணுதான்."

"கண்ணுக்கு அவ்ளோதான் தெரியும். மீதி மூணும் அங்கதான் கீது."

"தெரியும், தெரியும். கேமராவ மாட்டுங்க."

மாட்டினார். பொத்தானை அழுத்தினார்.

"ஒண்ணு… ரெண்டு… மூணு…" என்று லீலா எண்ணத் தொடங்கினாள். நேரத்தைக் கேமராவே பார்த்துக்கொள்ளும் என்று ஜம்பு சொல்லவில்லை. இருபது வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.