நாங்கள் திறந்துவிட்ட அருவி

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். சேலத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் உதவியாளாக இருந்தேன். கல்யாண ஜோடிகளை நாற்காலியில் உட்காரவைத்துப் படமெடுத்தே அலுத்துப்போன எனக்கு, ஓர் அருவியைப் படம் பிடித்தே தீர வேண்டும் என்று வெறி. ஏற்காட்டில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த என் பள்ளித் தோழன், வந்தால் காட்டுவதாகக் கடிதம் எழுதினான். ஃபிலிம் குதிரைக்கொம்பாக இருந்த சமயம். ஆனாலும் முதலாளியிடம் கெஞ்சி ஐந்து நாள் லீவும் அவருடைய பழைய கேமராவும் வாங்கிக்கொண்டு சித்திரை வெயிலில் மலையேறினேன்.

செம்மநத்தம் என்ற மலைக் கிராமத்துக்குக் கீழே ஓர் ஓடை. அதைப் பிடித்துக்கொண்டு பாறைக்குப் பாறை தாவி இரண்டு மணி நேரம் நடந்தோம். கடைசியில் அருவி வந்தது. கரும்பாறையில் நூல் மாதிரி கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான்.

"இதுக்காடா என்னை இழுத்துட்டு வந்தே?" என்று எரிந்து விழுந்தேன்.

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "செத்த இரு. மேல எங்க எஸ்டேட் தடுப்பு ஒண்ணு கெடக்குது. பலகையத் தூக்குனா கொட்டும் பாரு" என்றான்.

மலையில் எது கண்ணில் பட்டாலும் எஸ்டேட்டுடையது என்பது அவன் நினைப்பு. ஏறிப் போய்ப் பார்த்தோம். கல்லும் மண்ணும் வைத்து, நடுவில் மதகுபோல ஒரு பலகை செருகி ஓடையை மறித்திருந்தார்கள். குட்டை நிறையத் தண்ணீர். தடுப்பில் புதிதாகச் சேறு பூசியிருந்ததை நான் பார்த்தேன். யாரோ பராமரிக்கிறார்கள் என்று புரிந்தும் வாயைத் திறக்கவில்லை. படம்தான் முக்கியமாகப் பட்டது.

நான் கீழே இறங்கிக் கேமராவோடு தயாராக நின்றேன். அவன் பலகையைத் தூக்கினான். அடடா! பாறை முழுக்க வெள்ளை வெளேரென்று தண்ணீர் இறங்கியது. ஐந்து நிமிடம்கூட இராது. அதற்குள் வேண்டிய படமெல்லாம் எடுத்துவிட்டுச் சந்தோஷத்தில் குதித்தேன்.

அப்போது பக்கத்துக் கொல்லையிலிருந்து மண்வெட்டியோடு ஓர் அம்மாள் ஓடிவந்தார். நாற்பது வயதிருக்கும். தண்ணீரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"மேல மழை பேஞ்சுதுங்களா சாமி?"

என் பதிலுக்குக்கூட அவர் காத்திருக்கவில்லை. மலைத் தெய்வமான சேர்வராயன் கோயில் இருக்கும் திக்கைப் பார்த்துக் கை கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். இறங்கி வந்த நண்பன் சொல்லாதே என்று எனக்குச் சைகை காட்டினான். நழுவியிருக்கலாம். ஆனால் அந்த முகத்தை அப்படியே விட்டுவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

"மழை இல்லைங்க. படம் எடுக்க நாங்கதான் பலகையத் தூக்கிட்டோம்."

அவர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பாறையில் உட்கார்ந்துவிட்டார். அந்தத் தடுப்பு எஸ்டேட்டுடையதே இல்லை. அவரும் அவர் கணவரும் கட்டியது. புதிதாக நட்ட அறுபது கமலா ஆரஞ்சுக் கன்றுகளை மழைக்காலம் வரை காப்பாற்ற, ஒரு வாரமாகத் தேக்கிய தண்ணீர் அது.

"ஏனுங்க, படம் புடிக்க எங்கூட்டுத் தண்ணிதான் கெடச்சுதுங்களா? நாளைக்குக் கன்னுக்கு என்னத்த ஊத்துவேன்?"

வெட்கத்தில் கூனிக் குறுகிப் போனேன். பலகையை இறக்கிச் சேறு பூசினோம். குட்டை மறுபடி ஊற நாளாகும். பள்ளத்தில் அரை மைல் தள்ளி ஓர் ஊற்று இருப்பதாக, பின்னாலேயே வந்து சேர்ந்த அவர் கணவர் சொன்னார். அன்று பிற்பகலே காலி மண்ணெண்ணெய் டின்களில் தண்ணீர் மொண்டு, கழியில் கட்டித் தோளில் சுமக்க ஆரம்பித்தோம். என் லீவு தீரும்வரை நானும், வேலை நேரம் போக நண்பனும் சுமந்தோம். முதல் நாள் அந்த அம்மாள் எங்களோடு பேசவே இல்லை. இரண்டாம் நாள் ராகிக்கூழ் கொண்டுவந்து வைத்தார். "குடிங்க சாமி. தோளெல்லாம் நொம்பப் புண்ணாப் போச்சுதே" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் கிளம்பும் நாளில் குட்டை பாதி நிறைந்திருந்தது. கன்று ஒன்றுகூட வாடவில்லை.

படம் பிரமாதமாக வந்தது. முதலாளி அதைக் கடை வாசலில் மாட்டினார். யாராவது புகழ ஆரம்பித்தால் நான் இருட்டறைக்குள் போய்விடுவேன்.

பதினைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம். முற்றத்தில் ஒரு கல்யாணக் கூட்டத்தை வரிசையாக நிறுத்தியிருந்தோம். சடசடவென்று மழை கொட்டியது. கூட்டம் சிதறியது, முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். நான் தெருவுக்கு ஓடினேன். ஏற்காட்டு மலை முழுக்க மழை மேகத்தில் கறுத்துக் கிடந்தது. நனைந்துகொண்டே பைத்தியம் மாதிரி சிரித்தேன். நான் ஏமாற்றிய அந்தக் கூப்பிய கைகளுக்கு நிஜமான மழை வந்துவிட்டதே என்று அன்று பட்ட சந்தோஷத்தை, அதன் பிறகு நான் எடுத்த எந்தப் படமும் எனக்குத் தந்ததில்லை.