பேச்சி கண்ணில் நாவப்பழம்

நேற்று மாலை என் அண்ணன் மகள் ஒரு பார்சலைப் பிரித்து, கண்ணிமைக்குப் பூசுகிற கலர்ப் பெட்டி ஒன்றை என் கையில் வைத்தாள். "எப்டி இருக்கு பாரேன் அத்த" என்றாள். அவள் கேட்டது நிறத்தை. என் கை செய்தது வேறு. பெட்டியை மூடித் திறந்து 'டிக்' சத்தம் சரியாக வருகிறதா என்று கேட்டேன். கீலை நகத்தால் நெம்பினேன். மேசை மேல் லேசாகத் தட்டி, பவுடர் ஓரத்தில் உதிர்கிறதா என்று பார்த்தேன். கடைசியில் மூடியிலிருந்த கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துக் கீறல் தேடினேன். "இன்னா அத்த, ஏரோப்ளேன் செக் பண்றா மாதிரி பண்ற?" என்று சிரித்தாள். கண்ணாடியில் கீறல் இல்லை. அதில் என் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் தெரியாது, நான் பார்க்கவில்லை.

எல்லாம் அந்த வாசனை செய்த வேலை. புதுப் பிளாஸ்டிக், பசை, அதற்கு மேல் குழந்தைப் பவுடர் மாதிரி ஒன்று. மூன்றும் சேர்ந்து மூக்கில் ஏறினால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது கொட்டாவிதான். காலை ஷிஃப்டுக்கு வல்லக்கோட்டை கூட்டு ரோட்டில் இருட்டோடு நின்று கம்பெனி பஸ் ஏறிய காலத்தின் கொட்டாவி அது. ஒரகடத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஷெட். வேறு யாரோ பெயர் போட்டு விற்கிற சாமானை நாங்கள் அடைத்துக் கொடுத்தோம். பெட்டியில் ஆறு குழி, ஆறு நிறம், ஒரு பஞ்சுக் குச்சி, ஒரு கண்ணாடி. பெல்ட்டில் வருவதை எடுத்துத் தட்டி, திறந்து, பார்த்து, மூட வேண்டும். நான் பார்த்த பெட்டிகளை அடுக்கினால் குன்றத்தூர் மலைக்குப் பக்கத்தில் இன்னொரு மலை நிற்கும், முருகனுக்கு இடம் மாற வசதியாக இருக்கும்.

கண்ணாடி பார்ப்பதுதான் பெரிய கஷ்டம். பதினெட்டு இருபது வயசுப் பிள்ளைகள் கையில் நாள் முழுக்கக் கண்ணாடியைக் கொடுத்தால் எதைப் பார்ப்பார்கள்? சூப்பர்வைசர் மோகன் சார் பின்னால் நடந்துகொண்டே சொல்வார்: "மூஞ்சப் பாக்காத. கண்ணாடியப் பாரு." முதல் வாரம் சிரிப்பாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. முகத்தைத் தாண்டிக் கீறலை மட்டும் பார்க்கக் கண் கற்றுக்கொண்டது. பார்த்தாலும் அங்கே ஒன்றும் பெரிதாக இல்லை. பொட்டு வைக்கக் கூடாது, மை கூடாது, பூ கூடாது, பவுடர் கூடாது. உள்ளே போகும்போது ஸ்டிக்கர் பொட்டை எடுத்து, உடை மாற்றும் அறைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போவோம். திரும்பும்போது அவரவர் பொட்டை எடுத்து வைத்துக்கொள்வோம். மாற்றி எடுத்தால் சண்டை. கண்ணுக்கு அழகு செய்கிற கம்பெனியில் எங்கள் கண்ணுக்குக் கிடைத்த ஒரே அலங்காரம் தூக்கமில்லாத கருவளையம், அதைக் கம்பெனி இலவசமாகவே போட்டுவிட்டது.

ஷிஃப்டில் பாதி தாண்டினால் ஆறு நிறமும் ஒரே சேற்று நிறமாகிவிடும். டீ டைமில் வெளியே வந்து வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். பச்சையைப் பார்த்தால் கண் தெளியுமாம், மோகன் சாரின் வைத்தியம். அந்த மரத்தடியில்தான் பேச்சி எனக்குச் சிநேகிதியானாள்.

பேச்சியம்மாள். சங்கரன்கோவில் பக்கம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மாடி அறையில் நாலைந்து பிள்ளைகளோடு இருந்தாள். நல்ல கறுப்பு. அதை அவள் மறைக்கவும் இல்லை, பெருமையாகப் பேசவும் இல்லை. அவளுக்கு ஒரே குறை, கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டை. அதில் இருந்த போட்டோவில் ஒரு கறுப்பு வட்டமும் இரண்டு வெள்ளைக் கண்ணும்தான் தெரியும். ரேஷன் அட்டையிலும் அப்படித்தானாம். "ஏட்டி, எம் மூஞ்சி ஒரு போட்டோலயாவது எம் மூஞ்சியா வரணும்லா" என்பாள். பெரிய ஆசை என்று சொல்ல முடியாது. ஆனால் அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

நிறங்களுக்கு ஸ்டிக்கரில் இங்கிலீஷில் பெயர் இருக்கும், எங்கள் வாயில் நுழையாது. நாங்களே பெயர் வைத்தோம். பாலாடை, செங்கல்தூள், மயில்கழுத்து என்று. புதிதாக ஒரு பெட்டி வரப்போகிறது, அதற்கு நிறம் பார்க்க பம்பாயிலிருந்து ஒரு அம்மா வருகிறார் என்று ஒரு நாள் பரபரப்பு. மோகன் சார் லைனில் சிவப்பாக இருந்த பிள்ளைகளாகப் பொறுக்கி ஜன்னலோரம் நிற்க வைத்தார். மாநிறம் என்று என்னைக் கடைசியில் சேர்த்தார். அந்த அம்மா ஒவ்வொரு இமையிலும் தடவி, தள்ளி நின்று பார்த்து, எழுதிக்கொண்டே வந்தார். என்னைத் தாண்டியதும் பேனாவை நீட்டி, பெல்ட்டில் உட்கார்ந்திருந்த பேச்சியைக் காட்டினார். "அவ வேணாம் மேடம், டார்க்கு" என்றார் மோகன் சார். அதனால்தான் வேண்டும் என்றார் அந்த அம்மா.

பாலாடை பேச்சியின் இமையில் விபூதி மாதிரி வெளிறி நின்றது. செங்கல்தூள் போன இடம் தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் துடைத்துத் துடைத்து ஆறாவது குழிக்கு வந்தார். கருஊதா, உள்ளே பொன் துகள். அதைத் தடவியதும் லைனில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அழகு என்று சொன்னால் போதாது. அவளுக்கென்றே அரைத்து வைத்த மாதிரி உட்கார்ந்தது. "நாவப்பழம்டி" என்றாள் யாரோ. பெட்டியின் கண்ணாடியை அந்த அம்மா அவளிடம் நீட்டினார். பேச்சி வாங்கிச் சாய்த்து, கீறல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, "ஓகே மேடம்" என்று திருப்பிக் கொடுத்தாள். அந்த அம்மா சிரித்து, "ஃபேஸ், ஃபேஸ்!" என்றார். அப்புறம்தான் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். மோகன் சாரும் அன்றைக்கு 'மூஞ்சப் பாக்காத' என்று சொல்லவில்லை.

சோதனைப் பெட்டியை அந்த அம்மா பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். நாவப்பழம் என்று ஒன்று அப்போது ஷெட்டில் இருந்தது பேச்சியின் கண்ணில் மட்டும்தான். "ஷிஃப்டு விட்டதும் ஸ்டுடியோக்குப் போறோம். நீயும் வாட்டி" என்றாள். அவளுக்கு நெற்றி வியர்த்தபோதெல்லாம் கண்ணில் இறங்காமல் நான் கர்ச்சீப்பால் ஒற்றினேன்.

கேட்டில் மாட்டிக்கொண்டோம். வெளியே போகிறவர்களைத் தடவிப் பார்க்கிற கன்னியம்மாக்கா பக்கத்து ஊர்தான், எனக்கு ஒரு வகையில் பெரியம்மா முறை. வேலையில் உறவு பார்க்க மாட்டாள்.

"இன்னாடி கண்ல?"

"மேடம் டெஸ்டுக்குப் போட்டாங்கக்கா" என்றாள் பேச்சி.

"கம்பெனி பொருளு வெளிய போவக்கூடாது. கயுவிட்டு வா."

"கண்ணு மேல கீது பெரிம்மா, பைலயா கீது?" என்றேன் நான்.

"எங்க இருந்தா இன்னா? பாஸ் கீதா?"

பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. பேச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது, விழுந்தால் நிறம் கரையும் என்று அண்ணாந்து நின்றாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. ஓடிப்போய் மோகன் சாரைக் கூட்டி வந்தேன். அவரும் அதே பஸ்ஸில் வீட்டுக்குப் போக வேண்டிய மனுஷன், எங்களைப் போலவே நிற்கத் தெம்பில்லாமல் இருந்தார். "கழுவிட்டுப் போனா இன்னாம்மா" என்று ஆரம்பித்தவர், அவள் அண்ணாந்து நின்ற கோலத்தைப் பார்த்துவிட்டு, பையிலிருந்து கேட் பாஸ் புத்தகத்தை எடுத்தார். பொருள்: ஐ ஷேடோ. அளவு: இரண்டு கண். திரும்பி வருமா: வராது. கையெழுத்து போட்டுக் கிழித்துக் கொடுத்தார். கன்னியம்மாக்கா அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பேச்சியின் முகவாயைப் பிடித்து இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் திருப்பினாள். "ரெண்டும் கரீட்டா கீது. போ" என்றாள். அவள் விளையாடினாளா, நிஜமாகவே சரிபார்த்தாளா என்று எனக்கு இன்னும் தெரியாது.

பஸ்ஸில் ஏறினால் எல்லாரும் பொத்துப் பொத்தென்று தூங்கி விழுவோம். அன்றைக்கு அவள் மட்டும் ஜன்னலில் தலை படாமல், கண்ணைக் கசக்காமல், விறைத்து உட்கார்ந்து வந்தாள். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் ஸ்டுடியோ. அப்போதுதான் ஸ்டுடியோக்காரர் டிஜிட்டல் கேமராவும் கம்ப்யூட்டரும் வாங்கியிருந்தார்.

"கண்ண நல்லாத் தொறம்மா."

"தொறந்தா கலரு தெரியாதுண்ணே."

"கண்ண மூடிக்கினு எடுத்தா அது போட்டாவா? வூட்ல திட்டுவாங்கம்மா."

கடைசியில் நான் நடுவராகி, அவள் மடியிலிருந்த கையைப் பார்க்கட்டும் என்று தீர்ப்புச் சொன்னேன். பார்வை தாழ்ந்தது, இமை தெரிந்தது, விளக்கு மின்னியது. அந்த ஒரு நொடி அவள் இருந்த இருப்பை நான் எத்தனையோ தடவை மனசுக்குள் எடுத்துப் பார்த்துவிட்டேன். வேலை அலுப்பெல்லாம் எங்கேயோ போயிருந்தது அந்த முகத்தில்.

ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கினோம். இரண்டு பிரதி, லேமினேஷன் போட்டது. ரோஜாப்பூ நிறத்தில் ஒரு பெண் குனிந்து உட்கார்ந்திருந்தாள். தாவணி பேச்சியுடையது. இமையில் ஒன்றுமே இல்லை.

"நல்லா பிரைட் பண்ணிக் குடுத்திருக்கேன். கண்ணு மேல ஏதோ கறை மாதிரி இருந்திச்சு, அதையும் கிளீன் பண்ட்டேன்" என்றார் ஸ்டுடியோக்காரர். மனுஷன் நல்ல மனசோடுதான் சொன்னார். பழசு இருக்கிறதா என்றேன். கம்ப்யூட்டரில் அதன் மேலேயே செய்துவிட்டாராம்.

பேச்சி படத்தைத் தள்ளி வைத்துப் பார்த்தாள். "நல்லாத்தாம் இருக்கா" என்றாள். இருக்கேன் என்று சொல்லவில்லை. ஒன்றை என் கையில் கொடுத்தாள், மற்றதை ஊருக்கு அனுப்பினாளா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் பம்பாயிலிருந்து முடிவு வந்தது. ஐந்து நிறம் சரி, ஆறாவது வேண்டாம். சிவப்பாக இருக்கிறவர்கள் போட்டால் கண்ணில் அடிபட்ட மாதிரி தெரிகிறதாம். அந்தக் குழிக்கு ஒரு வெளிர் ரோஸ் வந்தது. மாதக்கணக்கில் அந்த ரோஸைத்தான் தட்டித் திறந்து, பார்த்து மூடினோம். ஆறாவது குழிக்கு வரும்போதெல்லாம் பேச்சியின் விரல் கொஞ்சம் நிற்கும், பெட்டி தேங்கும், மோகன் சார் "பேச்சீ" என்பார்.

பிறகு ஆர்டர் எங்கோ வடக்கே போய்விட்டது. காண்ட்ராக்ட் பிள்ளைகளை நிறுத்தினார்கள். பேச்சி திருப்பூருக்குப் போகிறேன் என்றாள், போய்ச் சேர்ந்ததும் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து டெலிபோன் பூத்துக்குப் பேசுவதாகச் சொன்னாள். பூத்தை எடுத்துவிட்டார்கள். கடைசி நாள் யாரும் கண்ணாடியிலிருந்து பொட்டை எடுக்கவில்லை, எல்லாம் அங்கேயே இருந்தன. ஷெட் இப்போது டயர் குடோன். ஸ்டுடியோ மாடியில் செல்போன் கவர் விற்கிறார்கள். வேப்பமரம் ரோட்டை அகலப்படுத்தியதில் போயிற்று. கன்னியம்மாக்கா இல்லை. எனக்கு வெள்ளெழுத்து வந்துவிட்டது.

நேற்று அண்ணன் மகளின் பெட்டியில், கீழ் வரிசை ஓரத்தில், அந்த நிறம் இருந்தது. கருஊதா, உள்ளே பொன் துகள். பீரோவைத் திறந்து, துணிக்கு அடியிலிருந்து போட்டோவை எடுத்து வந்தேன். அவள் எட்டிப் பார்த்து, "யாரு அத்த இது? செம கலரா இருக்காங்க" என்றாள்.

மோதிர விரலால் நாவப்பழத்தைத் தொட்டு, படத்தின் குனிந்த இமைகளில் தடவினேன். லேமினேஷன் வழுக்கியது. இன்னும் கொஞ்சம் எடுத்து அழுத்தித் தடவினேன். ஃபேன் காற்றுக்குப் பவுடர் எழுந்து என் மடியில் உதிர்ந்தது, படம் பழையபடி வெள்ளையாக இருந்தது.