சவுக்குக் கம்புக்கு மேலே பறந்த கோடிச் சேலை

கொரோனா வந்த வருஷம் ராஜபாளையமே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. அப்பாவுக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. அவர் ஓட்டியது பேண்டேஜ் துணி ஏற்றும் வேன். முன்கண்ணாடியில் பாஸ் ஒட்டியிருந்தது. அதனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் தங்கை புருஷன், என் மாமா, அந்த நோயிலேயே போய்ச்சேர்ந்தபோது, வர வழியில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாமல் போயிற்று.

புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடி வரவேண்டும். அண்ணன்தான் தன் கையால் அந்தப் புதுச்சேலையைப் போர்த்த வேண்டும். எங்கள் வழக்கம் அது. ஆனால் வீட்டில் தம்பி பிறந்து மாதம்கூட ஆகவில்லை. குறைமாதப் பிள்ளை வேறு. அம்மா போகாதீர்கள் என்று சொல்லவில்லை. முகக்கவசம் மாட்டி என்னையும் வேனில் ஏற்றிவிட்டாள்.

"அப்பா எறங்கப் போனா சட்டையப் பிடிச்சுக்கோட்டி. விட்றாத."

பத்து வயதில் இப்படியோர் உத்தியோகம் யாருக்குக் கிடைக்கும்? பெருமை தாங்கவில்லை எனக்கு.

அத்தை தெருவைச் சவுக்குக் கம்பு கட்டி அடைத்திருந்தார்கள். கம்புக்கு அந்தப் பக்கம் அத்தை ஒற்றையாய் நின்றாள். மாமாவின் முகத்தைக்கூட அவளுக்குக் காட்டவில்லையாம். அப்பா கதவைத் திறந்தார். நான் சட்டையைப் பிடித்தேன். அதற்குள் அத்தை கத்தினாள்.

"அண்ணே, எறங்காத! பச்சப்பிள்ள கெடக்க வீட்டுக்குப் போகணும்ல நீ. சேலையத் தூக்கிப் போடு, போதும்."

"நான் போத்தாம யாரு தாயி போத்துவா?"

ஒரு கால் தரையில், ஒரு கால் வேனில். ஒரே உதறலில் என் பிடி போயிருக்கும். அவர் உதறவில்லை. ஊன்றிய காலை வேனுக்குள் இழுத்துக்கொண்டு, சேலையைக் கம்புக்கு மேலே வீசினார்.

தம்பி இன்று தெருவெல்லாம் சைக்கிள் ஓட்டுகிறான். அப்பா செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு வாயில்லை. சரி என்று சொல்லவும் மனசு வரமாட்டேன் என்கிறது.

அத்தை சேலையை எடுத்து உதறினாள். தனக்குத்தானே போர்த்திக்கொண்டாள். புதுச்சேலையைப் பார்த்ததும் எனக்கு ஒரே குஷி.

"அத்தை, ஒங்களுக்கு நல்லாருக்கு!" என்று கத்தினேன்.

அத்தை குனிந்து சேலையைப் பார்த்தாள். "நல்லாருக்கா தாயி?" என்றாள்.

வேன் வீட்டுக்குத் திரும்பியது. வாசலிலேயே அம்மா காத்திருந்தாள். "அப்பா எறங்குனாகளா?"

"எறங்கவே இல்ல. நான் விடல."

கெட்டிக்காரி என்பாள் என்று நின்றேன். "ஒரு எட்டு எறங்கியிருக்கலாமே பாவி மனுசன்" என்று அம்மா முந்தானையில் முகத்தைப் பொத்தி அழ ஆரம்பித்தாள். சொன்னதைச் செய்துவிட்டுத்தானே வந்திருக்கிறோம், பிறகு எதற்கு அழுகிறாள் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவே இல்லை.