கூரை சாய்ந்த பக்கம்

தீப்பிடிப்பதற்கு முன் பின்வீட்டு பாயின் முகத்தை நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டின் பின்சுவருக்கும் அவர் வீட்டின் பின்சுவருக்கும் நடுவில் ஒரு குறுகலான சாக்கடை மட்டும்தான். ஆனால் அவர் வாசல் அடுத்த சந்தில் இருந்தது. தாராவியில் அடுத்த சந்து என்பது வேறு ஊர் மாதிரி. அவர் வீட்டில் பை தைக்கும் மெஷின்கள் ஓடுகிற சத்தம் பல வருஷமாகச் சுவர் வழியே எங்களுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. அது நின்றால் சாப்பாட்டு நேரம் என்று தெரிந்துகொள்வேன்.

தீ இரண்டு சுவர்களையும் எடுத்துவிட்டது. மறுநாள் கரிக்குள் பாத்திரம் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று நான் கிளறிக்கொண்டிருந்தேன். சாக்கடைக்கு அந்தப் பக்கம், வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் வெந்துபோன தையல் மெஷினைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"விடியக்காலம் மிக்ஸி போடுத வீடு நீங்கதானா?"

"ஆமா பாய்."

"இப்பத்தான் மூஞ்சியப் பாக்கோம், என்ன" என்றார். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

என் வீட்டுக்காரர் பெல்ட் பக்கிளுக்குப் பாலிஷ் போடும் பட்டறையில் வேலை பார்த்து ஏற்கெனவே நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர். தீப்பிடித்த அன்று கேஸ் சிலிண்டரை வெளியே இழுக்க உள்ளே போனார். சிலிண்டர் வந்துவிட்டது. புகை அவருக்குள்ளேயே தங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பும்போது, இனி தினமும் இரவு ஆக்சிஜன் மெஷினை மாட்டிக்கொண்டுதான் படுக்க வேண்டும் என்று சொன்னார்கள். மெஷின் இரவலாகக் கிடைத்தது. கரண்டுதான் இல்லை. வரிசை முழுவதும் மீட்டரும் ஒயரும் எரிந்துபோயிருந்தன. பக்கத்து வரிசையில் விளக்கு எரிந்தது. ஆனால் தீ வந்ததே இரவலாக இழுத்த ஒயரால்தான் என்று பேச்சு இருந்ததால், யாரும் ஒயர் தருவதாக இல்லை. கேட்கவும் எனக்கு நா எழவில்லை.

ஆண்டாப் ஹில்லில் தங்கை வீட்டில் கொஞ்ச நாள் இருந்தோம். அவள் வீடு மாடியில். செங்குத்தான இரும்பு ஏணி. ஒவ்வொரு தடவை இறங்கி ஏறியபோதும் அவர் பாதியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து நின்றார். அதைப் பார்த்த பிறகு அங்கே இருக்க முடியவில்லை. இங்கே எங்கள் இடத்துக்கும் காவல் வேண்டியிருந்தது. தார்ப்பாய் கட்டித் திரும்பி வந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் நிவாரணத்துக்கு வந்தவர்கள் சோலார் வண்டியைக் கொண்டுவந்து விட்டார்கள். நாலு சக்கரம், நடுவில் பேட்டரிப் பெட்டி, இரண்டு பக்கமும் கட்டில் மாதிரி மடக்கி விரிக்கும் சோலார் பலகைகள். எங்கள் வீட்டு மெஷின் இரவெல்லாம் ஓட வேண்டியிருந்ததால் வண்டியின் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். காலையில் எல்லோரும் போன் சார்ஜ் செய்யலாம். மதியத்துக்குப் பிறகு பேட்டரியில் சேர்வது என் வீட்டுக்காரருக்கு.

எங்கள் சந்தில் முன்பு நடுப்பகலிலும் ட்யூப் லைட் போட்டுத்தான் அரிசியில் கல் பொறுக்குவோம். வீடுகள் எரிந்துபோன பிறகுதான் அங்கே வெயில் விழுந்தது. காலையில் வண்டியைக் குழாயடிப் பக்கம் தள்ளுவோம். மதியம் எங்கள் இடத்துக்கே கொண்டுவந்துவிடுவோம்.

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. "இனிமேல் சார்ஜ் கிடையாது" என்று சொல்ல வேண்டிய நேரத்தில் பிளக் போர்டின் மேல் ஒரு சிவப்புத் துண்டைக் கட்டிவிடுவேன். எல்லோருக்கும் அது புரிந்துவிட்டது. குழாயடி வீட்டுக்காரி மட்டும் விடமாட்டாள்.

"ஏக்கா, எம்போன மட்டும் கடைசியில சொருகுதிய, எம்மாமியா சொல்லிக் குடுத்தாளா?"

"இல்ல தாயி, நீ வந்ததே கடைசியிலதான்."

"அப்ப மாமியாதான் சொல்லியிருக்கா" என்று துண்டுக்கு அடியில் கையை விட்டுச் சொருகிவிட்டுப் போவாள்.

மழைக்கு முன் கட்டி முடிக்க வேண்டும் என்று எல்லோரும் அவசரப்பட்டார்கள். முதலில் குழாயடியில் சுவர் எழும்பியது. அப்புறம் எதிர்வரிசை. ஒவ்வொரு வீடு எழும்பியபோதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே வெயில் ஒரு துண்டு குறைந்தது. பேட்டரிப் பெட்டியில் நாலு பச்சை விளக்குகள் உண்டு. நாலும் எரிந்தால் மெஷின் விடியும்வரை ஓடும். அது மூன்றாயிற்று. கடைசியில், எங்கள் இடத்துக்குத் தெற்கே பாயின் இடம் திறந்து கிடந்ததால்தான் வண்டிக்கு வெயில் கிடைத்தது. பாய் இரும்புத் தூண்களைக் கொண்டுவந்து இறக்கினார்.

அவருக்கு மேல்மாடி கட்டாமல் முடியாது. கீழே குடும்பம், மேலே தையல். அவருடைய ஆட்கள் அம்பர்நாத்தில் யாருடைய கொட்டகையிலோ தங்கிக்கொண்டு கூப்பிடுவார் என்று காத்திருந்தார்கள். நூல் வெட்டிக்கொடுக்கும் எங்கள் சந்துப் பெண்களும் காத்திருந்தார்கள். மாடி வந்தால் வண்டி நிழலில் நிற்கும்.

"ஒரு வார்த்த கேட்டுப் பாக்கட்டா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"கேக்காத. நீ கேட்டா அவரால முடியாதுன்னு சொல்ல முடியாது. அப்புறம் மழையில அவரு புள்ளகுட்டியோட நிக்கணும்" என்றார். பேசி முடித்து மூச்சு வாங்கினார்.

ஒருமுறை டீ எடுத்துக்கொண்டு, சாக்கடை மேல் போட்டிருந்த பலகையைத் தாண்டிப் போனேன். சிமெண்ட் என்ன விலை என்று கேட்டுவிட்டு வந்தேன்.

தூண்கள் நின்றன. மாடிக்குப் பலகை பரப்பினார்கள். விளக்கு இரண்டாகிவிட்டது. விடிவதற்கு வெகு முன்பே மெஷின் நின்றுவிடும்; வீட்டுக்காரரைச் சாய்த்து உட்கார வைத்துக்கொண்டு வெளுக்கும்வரை இருப்பேன். ஒருநாள் காலையிலேயே துண்டைக் கட்டிவிட்டேன். போனோடு வந்தவர்கள் துண்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். குழாயடி வீட்டுக்காரியும்தான்.

பாய் அதைப் பார்த்துவிட்டார்.

"என்னக்கா, காலையிலயே துண்டக் கட்டிட்டிய?"

"சும்மாதான் பாய்."

அவர் சாக்கடைப் பலகையைத் தாண்டி வந்து பேட்டரிப் பெட்டியைக் குனிந்து பார்த்தார். பிறகு நிழல் வந்த வழியே கண்ணை ஏற்றித் தன் மாடியைப் பார்த்தார்.

"இத ஏன் சொல்லல?"

தார்ப்பாய்க்குள் இருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "பாய், நீங்க வேலயப் பாருங்க. மழ வருது."

மறுநாள் அவர் இடத்தில் வேலை நடக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வானம் கருத்துக்கொண்டு வந்தது. கேட்காமலே கேட்டமாதிரி ஆகிவிட்டது.

மூன்றாம் நாள் பாய், வீடு கட்டித்தரும் தேக்கேதாரோடு வந்தார். செம்பூருக்குப் போய் வண்டி கொண்டுவந்தவர்களைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். சோலார் பலகைகளைக் கழற்றி பாய் வீட்டுக் கூரை மேல் வைக்கலாம், நீள ஒயர் தருகிறோம், ஆனால் கூரை உறுதியாக இருக்க வேண்டும், தெற்கே சாய்ந்திருக்க வேண்டும் என்று சொன்னார்களாம்.

தேக்கேதார் இந்தியில் வாதாடினார். எங்கள் பக்கம் கூரையைப் பின்னாலிருக்கும் சாக்கடைக்குச் சாய்ப்பதுதான் வழக்கம். மழைத்தண்ணீர் தன் வாசலில் விழும்படி யாரும் கூரை போடுவதில்லை.

"தெக்க சாச்சா தண்ணி உங்க வாசல்லதான் ஊத்தும் சேட். உள்ள போக, வெளிய வர, தொழுகைக்குப் போக, எல்லாத்துக்கும் கொடை வேணும்."

"கொடைய நான் பாத்துக்கிடுதேன். நீ சாயி."

அதற்கப்புறம் அவர் வீட்டம்மா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "வாசல்ல அருவி வச்சிக் குடுத்திருக்காரு, குளிக்க வாங்க" என்பார். அந்த அம்மா ஒருநாளும் முகத்தைச் சுளித்து அதைச் சொன்னதில்லை.

எங்கள் வீடும் எழும்பியது. பின்சுவர் மறுபடி வந்து பாயின் முகத்தை மறைத்தது. ஒயருக்காக ஒரு ஓட்டை மட்டும் விட்டிருந்தோம். பலகைகளை மேலே பொருத்திய அன்று சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து அவர் தட்டினார்.

"அக்கா, வருதா?"

பெட்டியைப் பார்த்தேன். "வருது பாய்" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி தட்டினார். சந்து முழுவதும் கேட்கும்படி நான் கத்தினேன்.

மழை வலுப்பதற்குள் எங்கள் வரிசைக்கு மீட்டர் வந்துவிட்டது. வண்டியையும் பலகைகளையும் விக்ரோலியில் மண் சரிந்த இடத்துக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த மழைக்காலத்தின் நடுவில் என் வீட்டுக்காரர் போனார். தன் வீட்டில், தன் கட்டிலில், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே போனார்.

பாய் கூரையைத் திருப்பிப் போடவில்லை. போடச் சொல்லி நானே அவர் வாசல்வரை போய்ச் சொன்னேன். "இருக்கட்டும்க்கா, பழகிட்டு" என்றார். பெரிய மழை பிடித்தால் தையல் மெஷின் சத்தத்துக்கு மேலே, சுவருக்கு அந்தப் பக்கம், அவர் வாசலில் தண்ணீர் கொட்டுவது எனக்குக் கேட்கிறது.