தலைவி சொன்னதாக அம்மா சொன்னது

எங்கள் ஊராட்சித் தலைவியை எனக்குப் பிடிக்கும். அவரைப் போல் தைரியமும் இரக்கமும் உள்ள மனுஷியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அவர் மீது எனக்குப் பொறாமையும் உண்டு. இரண்டில் எது அதிகம் என்று கேட்டால் பொறாமைதான்.

அது முட்டையில் தொடங்கியது. தலைவி ஆவதற்கு முன்னால் அவரும் என் அம்மாவும் சிவகாசிப் பக்கம் ஒரே பட்டாசுக் கம்பெனியில், ஒரே அறையில் உட்கார்ந்து பெட்டி போட்டவர்கள். எங்கள் ஊராட்சி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது, சொன்னதைக் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போடுவார் என்று நம்பி ஊர்ப் பெரியவர்கள் அவரை நிறுத்தினார்கள். பதவிக்காலம் முழுவதும் அந்தத் தப்பைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். ஊரெல்லாம் அவரை பிரசிடெண்டம்மா என்றது. அம்மா மட்டும் அக்கா என்பாள். அவர் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் அவித்த முட்டை அவர் தட்டுக்குப் போகும். அது என் முட்டை. அவர் பாதியைப் பிட்டு என் பக்கம் நீட்டுவார். நான் வாங்க மாட்டேன்.

"அவளுக்கு முட்டை பிடிக்காதுக்கா, நீங்க சாப்பிடுங்க" என்பாள் அம்மா.

நான் எட்டாம் வகுப்பு முடித்த கோடையில் வேன் ஏஜென்ட் வீட்டுக்கு வந்தார். விடியும் முன்னால் ஊர் ஊராக ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் கம்பெனியில் இறக்கும் வேனுக்கு ஆள் சேர்ப்பது அவர் வேலை. சீசன் நெருங்குகிறது, ஆள் போதவில்லை என்றார். என்னைப் பார்க்காமலே என் விரல்கள் எவ்வளவு வேகமாக ஓடும் என்று அப்பாவிடம் பேசினார். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. நான் தாண்டியதே அதிகம் என்று அப்பா நினைத்திருந்தார். தலையாட்டினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "நானும் அனுப்பத்தான் நெனச்சேன். பிரசிடெண்டம்மா விட மாட்டேங்காக. இந்தப் பிள்ளைய வேன்ல பாத்தேன்னா வேனையே மறிச்சிருவேன்னு சொல்லிட்டுப் போயிருக்காக."

தலைவி அப்படி எதுவும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் தண்ணீர்ப் பிரச்சினைக்காக விருதுநகர் கலெக்டர் ஆபீசுக்கு அலைந்துகொண்டிருந்தார். நான் எத்தனாவது படிக்கிறேன் என்பதுகூட அவருக்குத் தெரியாது. ஆனால் அம்மா சொல்லி எதையும் கேட்காத அப்பா, அந்தப் பேரைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டார்.

ஏஜென்ட் அப்படி விடவில்லை. சில நாள் கழித்து மினிபஸ் நிறுத்தத்தில் தலைவியைப் பிடித்துவிட்டார். நானும் அம்மாவும் அங்கேதான் நின்றிருந்தோம். அம்மாவின் கை என் தோளில் இறுகியது.

"என்ன பிரசிடெண்டம்மா, வேனை மறிப்பேன்னு சொன்னீகளாமே. நாங்க பொழைக்கிறதா வேண்டாமா?"

தலைவி அம்மாவை ஒரு தடவை பார்த்தார். என்னைப் பார்த்தார். "ஆமா, சொன்னேன். இப்பவும் சொல்றேன். நீ ஏத்திப் பாரு" என்றார்.

பஸ் வந்தது. படியில் ஏறும்போது அம்மாவின் காதருகே குனிந்து கேட்டார். "என்னத்தடி சொன்னேன் நான்?"

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்படி அவள் என்னோடு சிரித்ததில்லை.

பிறகுதான் கவனித்தேன், ஊரில் பாதிப் பெண்கள் இதைச் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகாதவள், மகள் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டவள், குடித்துவிட்டு வந்த புருஷனை வெளியே படுக்க வைத்தவள், எல்லோருமே "பிரசிடெண்டம்மா சொல்லிட்டாக" என்றார்கள். ஒருத்தி மாமியாரின் கறுப்பு ஆட்டைக்கூட அந்தப் பேரைச் சொல்லி விற்க விடாமல் வைத்திருந்தாள். யார் வந்து சண்டை பிடித்தாலும் தலைவி ஒரே பதிலைத்தான் சொன்னார். ஆமா, நான்தான் சொன்னேன். ஆட்டுக்கும் அதுதான் பதில்.

நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது அம்மா வேலை பார்த்த கம்பெனியில் வெடி விபத்து. பக்கத்து அறைகள் ஒவ்வொன்றாக வெடித்துக்கொண்டிருந்தன. பின்பக்க வாசலில் பூட்டுத் தொங்கியது. அம்மாவும் இன்னும் சில பெண்களும் கல்லைப் போட்டுப் பூட்டை உடைத்து வெளியே வந்தார்கள். அவர்கள் வெளியே வந்த அந்த வாசல் வழியாகத்தான், சத்தம் கேட்டு ஓடிவந்த தலைவி உள்ளே போனார். போலீஸ் கத்தியது. அவர் நனைத்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய், நடக்க முடியாத ஒருத்தியைத் தோளில் சாய்த்துக் கூட்டிவந்தார். மறுபடியும் போனார். நான் யூனிஃபார்மோடு ஓடிவந்து ரோட்டில் நின்று அதைப் பார்த்தேன். அம்மா என்னைக் கட்டிப் பிடிப்பாள் என்று நின்றேன். அவள் அந்த வாசலையே பார்த்துக்கொண்டு, "அக்கா வரலையே, அக்கா வரலையே" என்றாள். என் கையைத் தட்டிவிட்டாள்.

சிவகாசி ஆஸ்பத்திரியில், வெந்த உடம்புகளை வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். தலைவி அட்டைப்பெட்டியைக் கிழித்து விசிறிக்கொண்டே ஒவ்வொருத்தியிடமும் அவள் பிள்ளைகளைப் பற்றிப் பேசினார். இரண்டு பேர் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இறந்தார்கள். பேச்சைப் பாதியில் நிறுத்தாமல் முடித்துவிட்டுத்தான் எழுந்தார். இதை அம்மா சொல்லி அறிந்தேன். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

பூட்டை உடைத்தது யார் என்று கேட்டு போலீஸ் வந்தது. "நான்தான்" என்றார் தலைவி. கேஸ் அவர் மேல் விழுந்தது. வருடக்கணக்கில் கோர்ட்டுக்குப் போய்வந்தார். அடுத்த தேர்தலில் கம்பெனிக்காரர்கள் சேர்ந்து வேலை பார்த்து அவரைத் தோற்கடித்தார்கள். அதற்கு அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. ஊர் அவரைத் தொடர்ந்து பிரசிடெண்டம்மா என்றே கூப்பிட்டது.

நான் விருதுநகரில் கல்லூரியில் கடைசி வருடம் படித்தபோது அவர் நோயில் இறந்தார். சிவகாசியில் அடித்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எங்கள் சுவரிலும் ஒட்டியிருந்தது. பூட்டை உடைத்த வீரத் தாயே என்று சிவப்பு எழுத்து. கல்லைத் தூக்கிப் பூட்டை உடைத்தவள், மணிக்கட்டில் அந்தத் தழும்போடு, அந்தச் சுவருக்குப் பின்னால் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

படத்திறப்புக்கு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். ஊரின் முதல் பட்டதாரி ஆகப்போகும் பெண், தலைவி படிக்க வைத்த பிள்ளை. அந்த இரண்டாவது பட்டம் எனக்கு முள்ளாகக் குத்தியது. நான் எழுதி வைத்துக்கொண்டேன், என்னைப் படிக்க வைத்தது என் அம்மா என்று. அன்று சாயங்காலம், விரல்களில் ஏறிய பட்டாசு மருந்தின் வெள்ளிப் பூச்சு போவதற்காகத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம் அதைச் சொன்னேன்.

"மேடைல உண்மையச் சொல்லப் போறேம்மா. வேன்ல ஏத்த விடாம நிறுத்துனது நீதான்னு. அவுக ஒண்ணும் சொல்லலன்னு."

"சொன்னா எனக்குச் சால்வை போத்துவாகளாக்கும்?"

"போத்தட்டுமே."

அம்மா எண்ணெய்க் கையைக் காகிதத்தில் துடைத்தாள். "எதுத்த வீட்டுக்காரன் முன்னால வந்து உக்காந்திருப்பான். அவன் மகளப் பத்தாம் வகுப்போட நிறுத்தி வேன்ல ஏத்தணும்னு ஒத்தக்கால்ல நிக்கான். அவன் பொண்டாட்டி என்ன சொல்லி வச்சிருக்கா தெரியுமா? பிரசிடெண்டம்மா சாகப் போற நேரத்துல எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டாக, பிள்ளையப் படிக்க வைன்னு. அவ அவுக கெடந்த ஆஸ்பத்திரிப் பக்கமே போகல."

"அதுக்கு?"

"நீ போயி மைக்கப் பிடிச்சு, எங்கம்மா சொன்னது பொய்னு சொன்னா, அவன் வீட்டுக்குப் போயி என்ன கேப்பான்? படிச்சவதானே நீ."

எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் வந்த கோபம் அது. தலைவி உயிரோடு இருந்தபோது அம்மா அவருக்கு என் முட்டையைக் கொடுத்தாள். செத்த பிறகு என்னையும் அவருக்கே கொடுக்கச் சொல்கிறாள்.

மேடைக்குக் கீழே தார்ப்பாயில் ஊரே உட்கார்ந்திருந்தது. எதிர்வீட்டுக்காரர் முன்னால்தான் இருந்தார், துண்டை மடியில் வைத்துக்கொண்டு. அம்மா பெண்கள் பக்கம் கடைசியில் இருந்தாள். எழுதியதை நான் வெளியே எடுக்கவில்லை. "என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். வேனை மறிப்பேன் என்று சொன்னார். அவர் சொன்னால் சொன்னதுதான், இருந்தாலும் இல்லாவிட்டாலும்" என்றேன். கைதட்டினார்கள். எதிர்வீட்டுக்காரர் மெதுவாகத் தலையாட்டினார். அம்மா அழுதாள். நான் மாவட்டத்தில் பரிசு வாங்கிய அன்று அழாதவள், அன்று அந்தப் படத்தைப் பார்த்து அழுதாள்.

இப்போது இதை எழுதலாம். அந்த எதிர்வீட்டுப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு தேறி மதுரையில் நர்ஸிங் சேர்ந்துவிட்டாள். அவள் அப்பாவே அதைச் சொல்லி ஊரில் பெருமை அடித்துக்கொண்டு திரிகிறார். இனி யாராலும் அவளை வேனில் ஏற்ற முடியாது.

படத்திறப்பு முடிந்து, பள்ளி திறந்த முதல் நாள் அவள் மினிபஸ் நிறுத்தத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள். புதுப் பை. தலைநிறைய எண்ணெய்.

"அக்கா, ஒங்களுக்குத் தெரியுமா? பிரசிடெண்டம்மா சாகும்போது எம்பேரச் சொல்லிக் கேட்டாகளாம். எம்புட்டோ பேரு இருக்கையில, என்னைய."

"ஆமா" என்றேன். "கேள்விப்பட்டேன்."

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, அப்படி ஒரு வெளிச்சம் அதில். அவ்வளவு பெரிய மனுஷி தன்னை நினைத்துக்கொண்டே கண்ணை மூடினார் என்று நம்பிக்கொண்டு அவள் பள்ளிக்கூடம் போனாள். எனக்கு அது வாய்க்கவில்லை. என்னைப் படிக்க வைத்த பொய்யை நான் கதவுக்குப் பின்னால் நின்று முழுசாகக் கேட்டுவிட்டேன்.